எதுக்கு வந்தீங்க என்று கேட்காத வாசல்

1993 மே மாதம், ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனை. ஐந்து வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட பெண்ணிடம், நோய் திரும்பிவிட்டது, எலும்புக்கும் கல்லீரலுக்கும் போய்விட்டது என்கிறார் மருத்துவர். இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டதற்குச் சில மாதங்கள்தான் என்று பதில். கணவனும் மனைவியும் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது செவிலியர் வந்து, வெளியே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், கொஞ்சம் நடைவழியில் போய் உட்கார்ந்துகொள்ள முடியுமா என்று கேட்கிறார். மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் கேட்கிறார். அந்த நடைவழியில் ஜன்னல்கூட இல்லை.

செவிலியரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்தில் ஒருவர் உட்கார்ந்து அழுவதற்கென்று இடம் ஒதுக்கப்படவில்லை. மருந்துக்கு அறை உண்டு, கோப்புக்கு அறை உண்டு, சக்கர நாற்காலியை நிறுத்தக்கூட மூலை உண்டு.

அந்தப் பெண் மேகி கெசிக் ஜெங்க்ஸ். பெயரைக் கேட்டதும் நூடுல்ஸ் நினைவுக்கு வந்தால் அது உங்கள் தவறில்லை. சீனத் தோட்டக்கலையை ஆழமாகப் படித்தவர், தோட்டங்களை வடிவமைத்தவர். கணவர் சார்லஸ் ஜெங்க்ஸ், கட்டடக்கலை விமர்சனத்தில் பெரிய பெயர். ஒரு புதிய மருந்துச் சோதனையில் சேர்ந்ததால் மேகிக்குச் சில மாதங்களுக்குப் பதில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடைத்தது. அந்தக் காலத்தை அவர் ஒரு திட்டத்துக்குச் செலவிட்டார்: மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே, ஆனால் மருத்துவமனை மாதிரி இல்லாமல், நோயாளிகள் நினைத்தபோது வந்து உட்கார ஒரு சின்ன வீடு. எடின்பரோவில் வெஸ்டர்ன் ஜெனரல் மருத்துவமனை வளாகத்தில் சும்மா கிடந்த பழைய குதிரை லாயம் ஒன்று அதற்குக் கிடைத்தது. ரிச்சர்ட் மர்ஃபி என்ற கட்டடக் கலைஞர் அதை மாற்றி அமைத்தார். 1995 ஜூலையில் மேகி இறந்துபோனார். 1996 நவம்பரில் கதவு திறந்தது. இன்று பிரிட்டனில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மேகி மையங்கள் இருக்கின்றன. ஹாங்காங்கிலும் டோக்கியோவிலும்கூட உண்டு.

வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த மையங்களைப் பற்றிக் கல்லூரியிலேயே படித்திருந்தேன். பெரிய பெரிய கட்டடக் கலைஞர்கள் கட்டிய சின்னச் சின்னக் கட்டடங்கள் என்ற அளவில்தான் மனதில் நின்றது. அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நம் ஊர் மருத்துவமனை ஒன்றின் வாசலில் நின்ற அன்றைக்குத்தான் அவை எதற்காகக் கட்டப்பட்டவை என்று விளங்கியது.

அரைவட்ட ஓட்டை

அந்த வாசலைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கேட்டில் செக்யூரிட்டி: "யாரைப் பாக்கணும்?" உள்ளே போனால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கவுன்டர். கண்ணாடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை, நெஞ்சு உயரத்துக்கும் கீழே. நிமிர்ந்து நின்று பேசினால் உள்ளே கேட்காது, குனிய வேண்டும். அம்மா குனிந்து, "சார், இந்த ரிப்போர்ட்ட எங்க காட்டணும்?" என்றாள். உள்ளே இருந்தவனுக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது. அவன் கடுமையாகப் பேசவும் இல்லை. "பதினாலாம் நம்பர் போங்கம்மா" என்று ஒழுங்காகத்தான் சொன்னான். ஆனாலும் என் அம்மா, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், அவனை சார் என்றாள். அவளைக் குனிய வைத்தது அந்த ஓட்டையின் உயரம். முதுகு வளைந்த பிறகு குரலும் வளைந்துவிட்டது.

பதினாலாம் அறைக்கு முன்னால் சுவரை ஒட்டி இரும்பு நாற்காலிகள், மூன்று மூன்றாகச் சேர்த்துத் தரையில் போல்ட் போட்டது. எதிர்ச் சுவரிலும் அதே வரிசை. நடுவில் ஆட்கள் போய் வருகிறார்கள். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமானால் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டும். மூன்று மணி நேரம் அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் வெளியே வந்து எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போனோம். வேப்பமரம், ஒரு பெஞ்ச், கவிழ்த்துப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் டிரம். கையில் டீ கிளாஸ் வந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது, பக்கத்தில் நின்ற அம்மாள், "எந்த வார்டு தம்பி? அம்மாவுக்கா?" என்று கேட்டார். அவருடைய தங்கைக்கு நான்காவது ஊசி முடிந்திருந்தது. முடி கொட்டுவது, வாய்ப்புண்ணுக்கு எது ஆறுதல், எந்த நேரத்தில் வந்தால் டோக்கன் சீக்கிரம் கிடைக்கும் என்று அந்தப் பத்து நிமிடத்தில் அம்மா அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது ஏராளம். உள்ளே யாரும் சொல்லாதது அது. சொல்லக் கூடாது என்றில்லை, உள்ளே அதைக் கேட்பதற்கு இடம் அமையவில்லை.

கையில் டீ கிளாஸ் இருக்கும்வரை ஏன் இங்கே நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஏழு ரூபாயோ பத்து ரூபாயோ கொடுத்து நாம் வாங்குவது டீயோடு சேர்த்து அங்கே நிற்கும் உரிமையையும்தான். காலி கிளாஸை வைத்துக்கொண்டு பாதிக் கதையை முடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு பக்கக் குறிப்பு

மேகி மையம் கட்ட அழைக்கப்படும் கட்டடக் கலைஞருக்கு, இந்த மையங்களை நடத்தும் அறக்கட்டளை ஒரு குறிப்பு கொடுக்கிறது. இரண்டு பக்கம்தான். நமக்கு ஒரு கழிவறையை டெண்டர் விடவே இதைவிடப் பெரிய கட்டு வரும். மொத்தப் பரப்பு சுமார் 280 சதுர மீட்டர், அதாவது 3,000 சதுர அடி, நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் இத்தனை அடிக்கு இத்தனை அடி என்று அறைகளின் அளவை அடுக்குவதில்லை. வருகிறவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கிறது. கதவு எது என்று உடனே தெரிய வேண்டும், அது மிரட்டக் கூடாது. உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டவும், ஒரு நிமிடம் நின்று என்ன நடக்கிறது என்று பார்க்கவும் சின்ன இடம் வேண்டும். அங்கிருந்தே சமையலறை கண்ணில் பட வேண்டும். பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய மேஜை வேண்டும். வருகிறவர் யாரையும் கேட்காமல் தானே டீயோ காபியோ போட்டுக்கொள்ளத் தோன்ற வேண்டும்.

வரவேற்பு மேஜை கிடையாது. ஊழியர்கள் சட்டையில் பெயர் அட்டை கிடையாது. அம்புக்குறி போட்ட பலகைகள் கிடையாது. மருத்துவரின் சீட்டோ முன்பதிவோ வேண்டாம், கட்டணமும் இல்லை. அலுவலக மேஜை இருக்கும், ஆனால் கதவைப் பார்த்தபடி காவல் காக்காது.

இந்தச் சமையலறையை நடுவில் வைக்கும் போக்குக்கு சார்லஸ் ஜெங்க்ஸ் தனியாக ஒரு பெயரே வைத்தார். சமையலறைவாதம் என்று சொல்லிக்கொள்ளலாம். கேலியும் பெருமையும் கலந்த பெயர். ஆனால் அதன் வேலை நுட்பமானது. நோய் உறுதியான மறுநாள் ஒருவர் அந்தக் கதவைத் தள்ளுகிறார் என்று வையுங்கள். எனக்கு உதவி வேண்டும் என்று வாய் திறந்து சொல்லும் நிலையில் அவர் இல்லை. எந்த உதவி என்றும் தெரியாது. கவுன்டர் இருந்தால் அவர் தன் பயத்துக்கு ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். கெட்டில் இருந்தால் போதும், தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கோப்பையைத் தேடலாம், சர்க்கரை எங்கே என்று கேட்கலாம். முதல் வாக்கியம் சர்க்கரையைப் பற்றியதாக இருந்துவிடுகிறது. புற்றுநோயைப் பற்றிய வாக்கியம் இரண்டாவதாகவோ இருபதாவதாகவோ வரட்டும், அன்று வராமலே போகட்டும். எங்கள் டீக்கடையின் சங்கதியேதான் இது, கூரையும் கதவும் போட்டு.

கழிவறை விஷயத்தில் அந்தக் குறிப்பு காட்டும் அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. பொதுக் கழிவறை மாதிரி வரிசையாக, அடியில் இடைவெளி விட்ட கதவுகளோடு இருக்கக் கூடாது. கைகழுவும் தொட்டியும் கண்ணாடியும் உள்ளேயே இருக்க வேண்டும். ஒரு நாற்காலியும் புத்தக அலமாரியும் போடும் அளவுக்கு இடம் வேண்டும். காரணம், ஆட்கள் அழுவது அங்கேதான். அழுது முடித்து முகம் கழுவிக் கண்ணாடி பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மேஜைக்குத் திரும்ப வேண்டும். கதவுக்கு அடியில் ஆறு அங்குல இடைவெளி இருந்தால் விசும்பல் வெளியே கேட்கும் என்று பயந்தே அழுகையை விழுங்கிவிடுவார்கள். என் இருபது வருடத் தொழிலில் கழிவறை பற்றி ஆட்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் வாஸ்துவும் டைல்ஸும்தான்.

மேஜை, கைப்பிடி, நடைவழி

சுவரோரம் நாற்காலி போடுவது ஏன் பேச்சைக் கொல்கிறது என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1950-களில் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்து மனநல மருத்துவமனை ஒன்றில், வயதான பெண்கள் இருந்த வார்டு புதிதாகச் சீரமைக்கப்பட்டது. புது வண்ணம், புது நாற்காலிகள், எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் யாரும் யாரோடும் பேசவில்லை. ராபர்ட் சாமர் என்ற உளவியலாளர் வந்து பார்த்தார். நாற்காலிகள் எல்லாம் சுவரை ஒட்டி வரிசையாக இருந்தன, கூட்டுவதற்கு அதுதான் வசதி. அவற்றை இழுத்துச் சின்ன மேஜைகளைச் சுற்றிப் போட்டார். முதலில் நோயாளிகளே முணுமுணுத்தார்கள், நாற்காலிகளைத் திரும்பச் சுவரோரம் கொண்டுபோனார்கள். சில வாரங்களில் பேச்சு ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

மேகி மையங்களில் ஒவ்வொரு கட்டடக் கலைஞரும் அந்த இரண்டு பக்கக் குறிப்பைத் தன் விதத்தில் வாசித்திருக்கிறார். கிளாஸ்கோவில் 2011-இல் திறந்த கார்ட்நேவல் மையத்தில் ரெம் கூல்ஹாஸின் நிறுவனம் நடைவழி என்ற ஒன்றையே ஏறக்குறைய ஒழித்துவிட்டது. அறைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரு முற்றத்தைச் சுற்றி வளையமாக இருக்கின்றன. எங்கிருந்தாலும் முற்றத்துச் செடி தெரியும், அடுத்த அறையில் யார் இருக்கிறார் என்பதும் அரைகுறையாகத் தெரியும். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு இது புதிதல்ல. தாழ்வாரத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே வீட்டில் நடப்பதையெல்லாம் கண்ணில் வைத்திருந்த பாட்டிகள் நமக்கு உண்டு. ஜெங்க்ஸ் தம்பதியை அந்த நடைவழியில் உட்கார வைத்ததை நினைத்தால், நடைவழியே இல்லாத கட்டடம் மேகிக்குப் பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது.

லண்டனில் சேரிங் கிராஸ் மருத்துவமனைக்கு வெளியே 2008-இல் ரிச்சர்ட் ராஜர்ஸின் நிறுவனம் கட்டியது 2009-இல் பிரிட்டனின் பெரிய கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசு பெற்றது. பரபரப்பான சாலை, பக்கத்தில் பிரம்மாண்டமான மருத்துவமனை. நடுவில் ஆரஞ்சுச் சிவப்புச் சுவருக்குள் ஒளிந்த வீடு. சாலையிலிருந்து நேரே கதவில் போய் முட்டிக்கொள்ள முடியாது. செடிகளுக்கும் மரங்களுக்கும் இடையே சுவரை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்துதான் உள்ளே போக வேண்டும். இந்தச் சுற்றலை நான் முதலில் வீண் என்று நினைத்தேன். ஆனால் தயங்குகிறவருக்கு அந்த நடை தேவைப்படுகிறது. செடியைப் பார்ப்பது போல நிற்கலாம், யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போகலாம், நாளைக்கு வரலாம். நேர்க்கோட்டில் இருக்கும் கதவு ஆளைப் பத்தடி தூரத்திலேயே முடிவெடுக்கச் சொல்லி நெருக்குகிறது.

ஓல்டம் நகரத்து மையம் 2017-இல் திறந்தது, முழுக்க மரம். நடுவில் ஒரு துளை, அதன் வழியே ஒரு மரம் மேலே போகிறது. படங்களில் எல்லாரும் அந்த மரத்தைத்தான் காட்டுவார்கள். நான் காட்ட நினைப்பது கதவுக் கைப்பிடியை. அதுவும் மரத்தாலானது. கீமோ மருந்துகள் சிலவற்றால் விரல் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டால் ஊசி குத்துவது போல வலிக்கும். எஃகுக் கைப்பிடி போட்டிருந்தால், உள்ளே எவ்வளவு அன்பு காத்திருந்தாலும், அந்த வீடு முதல் தொடுகையிலேயே அவரைக் குத்தியிருக்கும்.

எல்லாமே சரியாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். கர்கால்டியில் 2006-இல் ஸாஹா ஹதீத் கட்டிய மையம் வெளியே கறுப்பு, மடித்த காகிதம் போலக் கூர்மையான கூரை. உள்ளே போனால் வெள்ளை, வெளிச்சம், பள்ளத்து மரங்களைப் பார்த்த கண்ணாடி, எல்லாம் அருமை. ஆனால் தயக்கம் வெளியேதான் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் நின்று அந்தக் கறுப்பு மூக்கைப் பார்க்கிறவர் உள்ளே வெள்ளை இருக்கும் என்று எப்படி நம்புவார்? டன்டீ மையத்தைக் கட்டிய ஃபிராங்க் கெரி மேகியின் நண்பர். முதலில் ஆர்ப்பாட்டமாக வரைந்ததாகவும், மேகி கனவில் வந்து இதைக் கொஞ்சம் அடக்கு என்று சொன்னதாகவும் அவரே சொன்ன கதை உண்டு. 2003-இல் எழுந்தது வெள்ளைக் குடிசை மாதிரியான கட்டடம், மேலே அலை அலையான வெள்ளிக் கூரை. கனவோ கற்பனையோ, இறந்துபோன தோழியின் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று.

பெரிய பெயர்களைக் கூப்பிட்டது விளம்பரத்துக்குத்தான், நன்கொடை வசூலுக்குத்தான் என்று ஒரு குறை சொல்வார்கள். பாதி உண்மை. ஆனால் பெயர்பெற்ற கட்டடத்துக்கு இன்னொரு பயனும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். கட்டடத்தைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழையலாம். எனக்கு மனசு சரியில்லை என்று சொல்லத் தெரியாத ஆண்களுக்கு இது டீ கிளாஸுக்குச் சமம்.

திண்ணை என்று தொடங்குமுன்

இதையெல்லாம் படித்ததும் நமக்குத் திண்ணை ஞாபகம் வருவது இயல்பு. வீட்டுக்கு வெளியே, ஆனால் வீட்டுக் கூரைக்குக் கீழே. உள்ளே கூப்பிடாமலே உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம், வழிப்போக்கர் ராத்தங்கலாம். தலை வைக்கச் சாய்வு விட்டுக் கட்டிய திண்ணைகளை இன்றும் பழைய தெருக்களில் பார்க்கலாம். வருகிறவர் இரண்டு நிலையில் மட்டும் இல்லாமல், உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்ற மூன்றாவது நிலையில் நிற்க அது இடம் கொடுத்தது. மேகி மையத்தின் நுழைவில் கோட்டை மாட்டிவிட்டு நிற்கும் அந்தச் சின்ன இடம் செய்வதும் இதைத்தான்.

ஆனால் திண்ணையைக் கொண்டாடும் கட்டுரைகளில் ஒரு விஷயம் வழுக்கிப் போய்விடும். எந்தத் தெருவுக்குள் யார் நடக்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்த ஊர்களில், திண்ணை யாருக்குத் திறந்திருந்தது? தெருவுக்குள்ளேயே வர முடியாதவருக்குத் திண்ணையின் சாய்வு பற்றி என்ன கவலை? ஒரே மேடை ஒருவருக்குச் சொந்த இடம் போலவும் இன்னொருவருக்கு எச்சரிக்கைப் பலகை போலவும் இருந்திருக்கிறது. கல்லும் காரையும் இதில் பாதி வேலைதான் செய்கின்றன. மீதியை அந்த இடத்தில் இருக்கும் ஆட்கள் செய்கிறார்கள். மேகி மையத்தில் அந்த மேஜையருகே பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் எப்போதும் இருக்கிறார், அவசரப்படாமல். அவர் முகம் சுளித்தால் மேஜை எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை.

கட்டடம் குணமாக்குமா? 1984-இல் ராஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இதற்கு எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். வலிக்குக் கடுமையான மருந்தும் மரக்காரர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், முக்கியமான ஆய்வுதான். இதை வைத்துக்கொண்டு சமையல் மேஜை புற்றுநோயைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சார்லஸ் ஜெங்க்ஸே கட்டடத்தின் வேலையை மருந்தில்லாத மாத்திரையோடுதான் ஒப்பிட்டார். மையங்கள் சிகிச்சை தருவதும் இல்லை. அது பக்கத்துக் கட்டடத்தின் பொறுப்பு.

என் மனத்தாங்கல் இங்கேதான். அந்தப் பக்கத்துக் கட்டடம் அப்படியேதான் இருக்கிறது. மேகியை அலைக்கழித்தது மருத்துவமனையின் நடைவழி. அவர் பெயரில் எழுந்த பதில் நன்கொடையில் ஓடும் தனி வீடாக மருத்துவமனைக் கட்டடத்துக்கு வெளியே நிற்கிறது. முடிவைச் சொல்லும் அந்த அறைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னலும் இரண்டு நாற்காலியும் போடுவதற்கு உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் யாரும் தேவையில்லை, நூறு சதுர அடி போதும்.

ஆறடி பெஞ்ச்

அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். போன வருடம் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு டாக்டர் சின்ன கிளினிக் கட்ட பிளான் கேட்டு வந்தார். கவுன்டரை இரண்டரை அடி உயரத்தில், சாதாரண மேஜையாக வரைந்தேன். கண்ணாடி கிடையாது, இந்தப் பக்கமும் ஒரு நாற்காலி. "கூட்டம் வந்தா மேல விழுவாங்களே சார்" என்றார். விழட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒருவழியாக ஒத்துக்கொண்டார். கழிவறைக்குள் நாற்காலி என்றதும் சிரித்துவிட்டார். அது நடக்கவில்லை. கதவை மட்டும் தரை வரைக்கும் வைக்க விட்டார்.

பெரிய சண்டை வாசல் பெஞ்சுக்கு. படிக்கு இந்தப் பக்கம், சன்ஷேடைக் கொஞ்சம் நீட்டி, அதன் கீழே ஆறடிக்குச் சிமென்ட் பெஞ்ச், பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய். நாய் படுக்கும் என்றார். ராத்திரி குடிகாரர்கள் உட்காருவார்கள் என்றார். இரண்டும் நடக்கக்கூடியதுதான். கடைசியில், உங்களுக்காக விடுறேன், பிரச்சினை வந்தா இடிச்சிருவேன் என்று கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். பெஞ்சில் ஒரு அம்மாள் மடியில் டிபன் கேரியரோடு. பக்கத்தில் யூனிஃபார்மில் இரண்டு பையன்கள். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பஸ்ஸுக்கு நிக்கிறவங்கதான் சார் பூராவும் உட்கார்றாங்க. பேஷன்ட் யாரு, சும்மா வந்தவங்க யாருன்னே தெரியல."

அந்த அம்மாள் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.